வாய் கோணுவதைக் கைபேசி கண்டால்: பதின்ம வயதினரின் பக்கவாதச் செயலிகளை எதைக்கொண்டு அளப்பது?

1. கேள்வி

பள்ளி மாணவர் ஒருவர் பக்கவாதத்தை முன்கூட்டியே கண்டறியும் கைபேசிச் செயலியை உருவாக்கினார் என்னும் செய்தி, ஊரும் பெயரும் மட்டும் மாறி, பல நாடுகளிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மாணவரின் தாத்தாவோ பாட்டியோ பக்கவாதத்தில் விழுந்தது, செயலியின் துல்லியம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது, அறிவியல் கண்காட்சியில் பரிசு கிடைத்தது ஆகிய மூன்றும் அச்செய்திகளில் பெரும்பாலும் இடம்பெறும். முதலாவது மனத்தை நெகிழ்த்துகிறது. மூன்றாவது பெருமிதம் தருகிறது. நடுவில் நிற்கும் துல்லிய எண்ணை மட்டும் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

இத்தகைய முயற்சிகளை மதிப்பிடுவோர் இரு தரப்பாகப் பிரிந்திருக்கிறார்கள். இளம் மேதைமையைக் கொண்டாட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. மறுதரப்பு, முன்பு ஏமாந்த அனுபவத்திலிருந்து பேசுகிறது. அமெரிக்காவின் ஜாக் ஆண்ட்ராகா 2012இல், தம் 15ஆம் வயதில், கணையப் புற்றுநோயைக் கண்டறியும் காகித உணரிக்காக இன்டெல் அறிவியல் கண்காட்சியின் முதற்பரிசைப் பெற்றார். அப்போது சொல்லப்பட்ட வேகமும் மலிவும் மிகைப்படுத்தப்பட்டவை என்று துறை அறிஞர்கள் கருதுவதை 2014இல் ஃபோர்ப்ஸ் இதழ் எழுதியது. அதன்பின், சிறுவர் செய்த மருத்துவக் கருவி என்றாலே உதட்டைப் பிதுக்குவோர் பெருகினர்.

இரு தரப்பும் கருவியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதன் துல்லியம் மெய்யா பொய்யா என்பதுதான் அவர்களின் வழக்கு. பக்கவாதத்தைப் பொறுத்தவரை அந்த வழக்கு போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். மூளைக்குக் குருதி நின்ற நொடியிலிருந்து மருந்து உடலுக்குள் போகும்வரை கழியும் நேரத்தில், எந்தப் பகுதியைச் செயலி குறைக்கிறது? இக்கேள்வியை முன்வைத்தால், இளையோரின் பங்களிப்பு நாம் கைதட்டும் இடத்தில் இல்லை என்பதும், வேறோர் இடத்தில் அதைவிடப் பெரிதாக இருக்கிறது என்பதும் தெரியவரும்.

2. ஒரே பெயரில் மூன்று வேலைகள்

'பக்கவாதத்தை முன்கூட்டியே கண்டறிதல்' என்ற பெயரில் வரும் செயலிகள் உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. வயது, குருதி அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வரும் ஆண்டுகளில் உள்ள ஆபத்தைக் கணிப்பது முதல் வேலை. பக்கவாதத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய இதயத் துடிப்புக் கோளாறான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. பக்கவாதம் வந்துவிட்ட பின், அந்த நிமிடத்திலேயே அதை அடையாளம் காண்பது மூன்றாவது. மூன்றுக்கும் தேவைப்படும் தரவு வேறு, சோதனை வேறு, தவறினால் நேரும் விளைவும் வேறு.

இரண்டாவது வேலையில் மிகப் பெரும் நிறுவனங்களே இறங்கியிருக்கின்றன. ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கொண்டு நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பங்கேற்ற 4,19,297 பேரில் 2,161 பேருக்கு, அதாவது 0.52 விழுக்காட்டினருக்கு, துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாக எச்சரிக்கை போனது. கோளாறு கண்டுபிடிக்கப்பட்டால் பக்கவாதம் குறையும் என்று எண்ணுவது இயல்பே. டென்மார்க்கில் 70 முதல் 90 வயதுவரையுள்ள 6,004 பேரிடம் நடந்து 2021இல் வெளியான லூப் ஆய்வு அந்த எண்ணத்தைச் சோதித்தது. தோலுக்கடியில் கருவி பதித்துக் கண்காணிக்கப்பட்டவர்களில் 31.8 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கும் துடிப்புக் கோளாறு தெரியவந்தது. ஆனால் இரு குழுக்களிலும் பக்கவாதம் ஏற்பட்ட விகிதத்தில் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு இல்லை. கூடுதலாகக் கண்டுபிடித்தும் கூடுதலாகக் காப்பாற்ற முடிந்ததாக நிறுவ இயலவில்லை. கண்டறிதலுக்கும் காப்பாற்றுதலுக்கும் நடுவே உள்ள தொலைவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு.

முதல் வேலையையும் மூன்றாம் வேலையையும் சற்று நின்று பார்க்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் புழங்குவது அங்கேதான்.

3. 5,110 வரிசைகள்

இயந்திரக் கற்றல் பழகும் மாணவர் பக்கவாதம் என்று தேடினால் முதலில் கிடைப்பவற்றில் ஒன்று, காகுள் தளத்தில் உள்ள ஒரு தரவுத்தொகுப்பு. அதில் 5,110 பேரின் வயது, பாலினம், குருதி அழுத்தம், இதயநோய், மணவாழ்வு, வேலை, குடியிருப்பு, சர்க்கரை அளவு, உடல் பருமன், புகைப்பழக்கம் போன்ற விவரங்கள் உள்ளன. அவர்களில் 249 பேருக்குப் பக்கவாதம் வந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. தரவு எங்கிருந்து வந்தது என்பது வெளியிடப்படவில்லை. கல்விப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற குறிப்பு அங்கேயே இருக்கிறது. பயிற்சிக்கு அது நல்ல பொருள். அதன் மேல் எழுப்பிய ஒன்றை நோயாளியின் கையில் கொடுப்பது வேறு செயல்.

அந்த எண்களை நாமே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 5,110 பேரில் 4,861 பேருக்குப் பக்கவாதம் இல்லை. யாரைக் கேட்டாலும் 'இல்லை' என்று மட்டும் சொல்லும்படி ஒருவர் நிரல் எழுதினால், அது 4,861 முறை சரியாகவே சொல்லும். துல்லியம் 95.1 விழுக்காடு. எதையும் கற்காத, எதையும் பார்க்காத நிரலுக்கு இந்த மதிப்பெண். பக்கவாதம் வந்த 249 பேரில் ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. செய்திகளில் நாம் வியந்து படிக்கும் '95 விழுக்காடு' இதுவாகவும் இருக்கலாம். வேறொரு எண் உடன் தரப்படாதவரை, வாசகரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அந்த வேறொரு எண், நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடித்தது என்பது. மருத்துவப் புள்ளியியலில் அதை உணர்திறன் என்கிறார்கள். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுவித்தது என்பது அதன் இணை எண். இவ்விரண்டும் இல்லாமல் 'துல்லியம்' என்ற ஒற்றை எண்ணைத் தரும் எந்தக் கூற்றையும், அது மாணவரிடமிருந்து வந்தாலும் நிறுவனத்திடமிருந்து வந்தாலும், மருத்துவச் சான்றாக ஏற்கக்கூடாது. சமநிலையற்ற தரவில் துல்லியம் ஏமாற்றும் என்பது இயந்திரக் கற்றல் பாடநூல்களின் அடிப்படைப் பாடம். அதை மாணவருக்குச் சொல்லித்தராமல் மேடையேற்றிய வழிகாட்டிகளுக்கும் நடுவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் மட்டும் குறையை ஏற்றுவது நேர்மையன்று.

4. முகம், கை, பேச்சு

மூன்றாவது வேலைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பக்கவாத அளவுகோல் விரிவானது. பயிற்சி பெற்றவர் கட்டிலருகே நின்று செய்ய வேண்டியது. ஆம்புலன்ஸ் ஊழியருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. 1990களில் சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவர்கள் அதிலிருந்து மூன்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள்: சிரிக்கச் சொன்னால் வாய் ஒருபக்கம் இழுக்கிறதா, இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறதா, ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் நாக்குக் குழறுகிறதா. 1998இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் இதையொட்டி உருவானதே ஃபாஸ்ட் சோதனை. முகம், கை, பேச்சு ஆகியவற்றோடு, உடனே அழைக்க வேண்டிய நேரத்தையும் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகளின் கூட்டு அது.

கைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை அமைந்திருக்க முடியாது. முகத்துக்குக் கேமரா, கைக்கு அசைவுணரி, பேச்சுக்கு ஒலிவாங்கி. மூன்றும் கைக்குள் இருக்கின்றன. முகத்தில் 468 புள்ளிகளைக் குறித்துத்தரும் மீடியாபைப் நிரலைக் கூகுள் இலவசமாகவே தருகிறது. பள்ளி மாணவர் ஒருவர் விடுமுறையில் இதன் முன்மாதிரியைச் செய்துவிட முடிவது இதனால்தான். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறிவியல் வினா அந்த முன்மாதிரிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆய்வுக்கூடங்களும் மருத்துவமனைகளும் இதே பாதையில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன? 2020இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் மெதடிஸ்ட் மருத்துவமனையும் சேர்ந்து, எண்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முக அசைவையும் பேச்சையும் கைபேசியில் பதிந்து ஒரு கருவியைப் பயிற்றுவித்தன. அது எட்டிய துல்லியம் 79 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பன்னாட்டுப் பக்கவாத மாநாட்டில் ஃபாஸ்ட்.ஏஐ என்னும் செயலியின் முடிவுகள் வாசிக்கப்பட்டன. பல்கேரியாவின் நான்கு மையங்களில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 72 மணி நேரத்துக்குள் இருந்த ஏறத்தாழ 270 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. முகக் கோணலை அது ஏறக்குறைய முழுமையாகக் கண்டது. கைத் தளர்ச்சியை மூன்றில் இரு பங்குக்கு மேல் கண்டது. பேச்சுப் பகுதி முழுமையாகச் சரிபார்க்கப்படாத நிலையில் இருந்தது. 2024இல் மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், முகபாவத்தைக் கொண்டு 82 விழுக்காட்டுத் துல்லியம் பெற்றதாக அறிவித்தது. அதற்கு ஆதாரமாக இருந்தவர்கள் பக்கவாதம் வந்த 14 பேரும் நலமான 11 பேரும்.

பேராசிரியர்களும் நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து செய்தும், பக்கவாதம் உண்டா இல்லையா என்று பிரித்தறிவதில் 79, 82 என்றுதான் எண்கள் நிற்கின்றன. தனியொரு மாணவரின் செயலி 95 என்று அறிவிக்கும்போது, அது எந்தத் தரவில் பெறப்பட்ட 95 என்று கேட்பது பொறாமையாகாது. மேலும், இவை மருத்துவமனையிலோ ஆய்வுச் சூழலிலோ படம்பிடித்துப் பெற்ற முடிவுகள். மங்கிய குழல்விளக்கில், பல்செட்டைக் கழற்றிவைத்த முகத்தை, பதற்றத்தில் நடுங்கும் கையால் பேரப்பிள்ளை படம்பிடிக்கும் நிலை அந்த ஆய்வுகளில் இல்லை.

சோதனையிலேயே உள்ள வரம்பும் செயலிக்குள் அப்படியே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்த 736 பேரில் 14.1 விழுக்காட்டினருக்கு முகம், கை, பேச்சு மூன்றிலுமே மாற்றம் இல்லை. அவர்களில் பலரிடம் இருந்தவை தடுமாறும் நடை, காலில் தளர்ச்சி, பார்வைக் கோளாறு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தவறவிடப்பட்டவர்களின் பங்கு வெகுவாகக் குறைந்தது. முகத்தை மட்டும் பார்க்கும் கேமரா, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டவரை நலமானவர் என்றே சொல்லும். எதிர்த்திசைத் தவறும் உண்டு. முகநரம்பு வாதம், வலிப்புக்குப் பிந்தைய தளர்ச்சி, சர்க்கரை தாழ்ந்துபோதல் ஆகியவை பக்கவாதத்தைப் போலவே தோன்றும். குருதிக்குழாய் அடைத்ததா வெடித்ததா என்பதையோ எந்த முகப்படமும் சொல்லாது. சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். அடைப்புக்குத் தரும் கரைப்பு மருந்தை வெடிப்புக்குத் தந்தால் உயிர் போகக்கூடும்.

5. எண்கள் வீட்டுக்குள் வரும்போது

ஒரு கருவியின் திறன் மாறாதிருந்தாலும், அதை யார் எப்போது எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் சொல்லின் மதிப்பு மாறும். கணக்குக்காக, மிகச் சிறந்த செயலி ஒன்றைக் கற்பனை செய்வோம்: நோய் உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது.

பத்தாயிரம் முதியவர்கள் தினமும் காலையில் அதில் முகத்தைக் காட்டுகிறார்கள். அன்று அவர்களில் ஒருவருக்குப் பக்கவாதம் என்று கொள்வோம். அந்த ஒருவரைச் செயலி பெரும்பாலும் பிடித்துவிடும். கூடவே நலமாக உள்ள ஏறத்தாழ 500 பேருக்கும் எச்சரிக்கை ஒலிக்கும். மறுநாள் இன்னொரு 500. ஒரு வாரத்துக்குள் அந்த ஒலியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

இப்போது அதே செயலியை, 'அப்பா பேசுவது ஒரு மாதிரி இருக்கிறதே' என்று வீட்டார் ஏற்கெனவே ஐயப்பட்ட பிறகு மட்டும் எடுக்கிறார்கள் என்று வைப்போம். அப்படி எடுத்த நூறு வீடுகளில் ஐம்பதில் உண்மையிலேயே பக்கவாதம் இருந்தால், 47 அல்லது 48 பேரைச் செயலி பிடிக்கும். இரண்டு மூன்று பேருக்குத்தான் வீண் அச்சம். நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. பயன்படும் தருணம் மட்டும் மாறியது.

ஆனால் இந்த இரண்டாம் நிலையில் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பக்கவாதம் இருந்தும் இரண்டு மூன்று வீடுகளுக்குச் செயலி 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருக்கும். ஆம்புலன்ஸை அழைக்கலாமா என்று யோசித்தவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கைபேசியை வைத்துவிடுவார்கள். செயலியே இல்லாதிருந்தால் அழைத்திருப்பார்கள். வீண் எச்சரிக்கையால் நேரும் இழப்பு ஒரு பயணச் செலவும் சில மணி நேரமும். வீண் ஆறுதலால் நேர்வது ஒரு மனிதரின் வலக்கையும் பேச்சும். இவ்விரண்டு தவறுகளையும் ஒரே எடையாக எண்ணும் 'துல்லியம்' பக்கவாதத்துக்கு ஏற்ற அளவுகோலே அன்று.

6. பரிசிலிருந்து மருத்துவமனைவரை: ஒரு பக்கவழி

பக்கவாதத்தை விட்டுச் சற்று விலகி, விழித்திரைக்கு வருவது இங்கே உதவும். இளையோர் செயலி ஒன்றும் பெருநிறுவனத்தின் கருவி ஒன்றும் ஒரே நோயை ஒரே காலத்தில் எதிர்கொண்டது அங்கேதான். தமிழ்நாட்டுக்கும் அதில் நேரடிப் பங்குண்டு.

அமெரிக்காவில் வளர்ந்த காவ்யா கொப்பரப்பு, இந்தியாவிலிருந்த தம் தாத்தாவுக்கு நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 16ஆம் வயதில் ஐயக்னோசிஸ் என்னும் செயலியை உருவாக்கினார். சுமார் 34,000 விழித்திரைப் படங்களில் அது பயிற்றுவிக்கப்பட்டது. கைபேசியில் பொருத்த முப்பரிமாண அச்சில் செய்த வில்லையும் இருந்தது. மும்பையின் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளிடம் சரியாகச் சொன்னதாக 2017இல் ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் எழுதியது. ஐந்து என்ற எண்ணை அவ்விதழ் மறைக்கவில்லை. தொடக்கநிலை முயற்சிக்கு அது தகுந்த எண்ணும்கூட.

அதே நோய்க்கான கூகுளின் கருவி 1,28,175 படங்களில் பயிற்றுவிக்கப்பட்டது. படங்களைத் தரம்பிரித்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். 2016இல் அதன் முடிவுகள் வெளியாயின. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அப்பணியில் பங்கேற்றன. இவ்வளவு வலுவோடு அக்கருவி தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது நடந்ததை 2020இல் கூகுள் ஆய்வாளர்களே பதிவு செய்தார்கள். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதவில்லை என்று கருவி தள்ளியது. அறை போதிய இருட்டாக இல்லை. படம் தள்ளப்பட்டவர்கள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. சில செவிலியர்கள் நோயாளிகளைச் சோதனையில் சேரவேண்டாம் என்றே சொல்லத் தொடங்கினார்கள்.

கருவி தோற்றது நிரலில் அன்று. அறையின் வெளிச்சத்திலும் பேருந்துக் கட்டணத்திலும். இதைப் பொறுமையாகப் பார்த்து எழுதிய அந்த ஆய்வு, பக்கவாதச் செயலி செய்யும் ஒவ்வொரு மாணவரும் படிக்கத்தக்கது என்று கருதுகிறேன்.

7. நேரம் எங்கே போகிறது?

பெரிய குருதிக்குழாய் அடைபடும்போது நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் வெளியிட்ட கணக்கு. கரைப்பு மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது பொது வரையறை. அந்த நாலரை மணிக்குள்ளும் முந்தியது பிந்தியதைவிடப் பயன் மிக்கது. அடைப்பைக் குழாய் செலுத்தி அகற்றும் முறை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை உதவுகிறது. ஆக, எல்லாம் வந்து சேரும் நேரத்தில்தான் நிற்கிறது.

இங்கிலாந்து அரசு 2009இல் ஃபாஸ்ட் சோதனையைத் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் பரப்பியது. ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் பல்லாண்டு தொடர்ந்து நடந்த ஆய்வு, அதன் விளைவை 2018இல் மதிப்பிட்டது. பெரும் பக்கவாதம் வந்தவர்கள் மூன்று மணி நேரத்துக்குள் வந்து சேர்வது தெளிவாக அதிகரித்திருந்தது. சிறு பக்கவாதமும் தற்காலிகத் தாக்கும் வந்தவர்களின் தாமதம் குறையவே இல்லை. சற்று நேரத்தில் சரியாகிவிடும் அறிகுறியை மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து வரும் பெரும் தாக்குதலைத் தடுக்கக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான். முகம் நேராகிவிட்ட அந்த நேரத்தில் செயலியைத் திறந்தாலோ அது 'இயல்பு' என்றே காட்டும்.

மனிதர்கள் தாமதிப்பது அறியாமையால் மட்டும் அன்று. நம் வீடுகளில் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: 'சர்க்கரை இறங்கியிருக்கும், கொஞ்சம் காபி கொடு', 'படுத்து எழுந்தால் சரியாகிவிடும்', 'பெரியவன் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்'. விழுங்கும் தசை தளர்ந்தவருக்குக் கொடுக்கும் காபி மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவற்றில் எதுவும் கோணிய வாயைப் பார்க்காமல் சொல்லப்பட்டதன்று. பார்த்தார்கள், தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்கும் உரிமை தமக்கு உண்டென்று அங்கிருந்த எவரும் கருதவில்லை. வீட்டில் பகல்நேரத்தில் முதியவருடன் இருப்பவர் பெரும்பாலும் மருமகளோ பேத்தியோ பணிப்பெண்ணோ ஆவார். செலவையும் பழியையும் ஏற்கும் அதிகாரம் அவர்களிடம் இருப்பதில்லை.

இந்த இடத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு சான்று மிகுந்த பொருளுடையதாகிறது. கொலம்பியா பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஒலாஜிடே வில்லியம்ஸ், ஹார்லெம் போன்ற பகுதிகளின் பள்ளிக் குழந்தைகளுக்கு ஹிப்-ஹாப் பாட்டின் வழியே பக்கவாத அறிகுறிகளைக் கற்றுத்தரும் திட்டத்தை உருவாக்கினார். 22 பள்ளிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரையும் கொண்டு, குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரித்து அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2018இல் வெளியாயின. குழந்தைகளின் அறிவு உயர்ந்தது. அவர்கள் வழியே பெற்றோரின் அறிவும் உயர்ந்தது. அந்த ஆய்வுக் காலத்தில் நான்கு குழந்தைகள் உண்மையான அறிகுறிகளைக் கண்டு அவசர உதவியை அழைத்தார்கள். அவர்களில் ஒரு குழந்தை, பொறுத்துப் பார்க்கலாம் என்று பெற்றோர் சொன்னதை மீறி அழைத்தது.

நான்கு என்பது சிறிய எண். அதைக்கொண்டு புள்ளியியல் முடிவு எதையும் எட்ட முடியாது. ஆனால் இங்கே பார்த்த எந்தச் செயலி ஆய்விலும் பதிவாகாத ஒன்று இதில் பதிவாகியிருக்கிறது: ஒரு குழந்தை பெரியவரின் தயக்கத்தை வென்றது. அக்குழந்தையிடம் அசைவுணரியும் செயற்கை நரம்பு வலையமைப்பும் இல்லை. என்ன பார்க்க வேண்டும் என்ற தெளிவும், கண்டால் அழைக்கலாம் என்று பள்ளி தந்த துணிவும் இருந்தன.

வீட்டு வாசலைத் தாண்டிய பிறகும் நேரம் கரைகிறது. ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் 2008இல் ஆம்புலன்ஸுக்குள்ளேயே சி.டி. ஸ்கேன் கருவியை வைத்துப் பக்கவாத ஊர்தி தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதேபோன்ற ஊர்தியை அஸ்ஸாமில் இயக்கியது. சிகிச்சை கிடைக்க ஏறத்தாழ 24 மணி நேரம் ஆனது சுமார் 2 மணி நேரமாகக் குறைந்தது என்று அக்கழகம் தெரிவிக்கிறது. இருபத்திரண்டு மணி நேரம்! முகக் கோணலை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் ஒரு கைபேசி அதில் பங்கு கேட்க முடியாது. பக்கவாதத்தில் செயற்கை நுண்ணறிவு முதலில் வேரூன்றிய இடமும் முகம் அன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அனுமதித்த விஸ்.ஏஐ மென்பொருள், ஸ்கேன் படத்தில் அடைப்பைக் கண்டால் உரிய நிபுணரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. கைபேசி அங்கே தூதுவேலை பார்க்கிறது.

8. தமிழ் பேசும் வாய்

பேச்சுக் குழறலை அளக்கும் செயலிகளுக்குத் தமிழில் தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில வாக்கியங்களில் பயின்ற கருவி, வட்டார வழக்கில் பேசும் முதியவரின் இயல்பான ஓட்டத்தையே குழறல் என்று எண்ணக்கூடும். வெற்றிலை வாயும் பல் இல்லாத வாயும் அதற்குப் புதியவை. தமிழில் பேச்சுத் தடையுள்ளோரின் ஒலித்தொகுப்பை எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி உருவாக்கியிருக்கிறது. 20 பேரின் குரல் அதில் உண்டு. அது பெருமூளை வாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்டோருக்காகச் செய்யப்பட்டது. அவர்களின் பேச்சு குழந்தைப் பருவத்திலிருந்தே அவ்வாறு அமைந்தது. பக்கவாதத்தில் தேடவேண்டியதோ நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு. அந்தந்த மனிதரின் நேற்றைய குரல் கைபேசியில் இருந்தால்தான் இன்றைய குரலை ஒப்பிட முடியும். தாத்தாவின் குரலை அமைதியான ஒரு நாளில் பதிந்துவைக்கப் பேரப்பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யாருமில்லை.

9. எத்தகைய செயலி?

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல், நோயறியும் நோக்கில் செய்யப்படும் மென்பொருளும் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. மாணவர் தம் செயலிக்கு 'கண்டறியும்' என்று பெயரிட்டுப் பொதுமக்களிடம் விடும்போது அந்தச் சட்ட எல்லைக்குள் நுழைகிறார். பரிசளிப்பவர்கள் இதை அவருக்கு எடுத்துச்சொல்வது கடமை.

அதைவிட முக்கியமானது வடிவமைப்பு. இதுவரை பார்த்த சான்றுகளிலிருந்து என் தீர்ப்பு இது: வீட்டில் பயன்படும் பக்கவாதச் செயலிக்கு 'இல்லை' என்று சொல்லும் திரையே இருக்கக்கூடாது. ஐயம் வந்துதான் அதைத் திறக்கிறார்கள். அந்த ஐயத்தைப் போக்கும் வேலை ஸ்கேனுடையது. திறந்த கணமே 108க்கு அழைக்கும் பொத்தான் வரட்டும். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்று உரத்த குரலில் தமிழில் சொல்லட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை முகத்தையும் கையையும் படம்பிடித்து மருத்துவருக்காக வைத்துக்கொள்ளட்டும். நோயாளி உண்ணும் மருந்துகளை, குறிப்பாகக் குருதி உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளை, முன்பே பதிந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்ற நேரத்தைக் கேட்டுக் குறிக்கட்டும். அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. இரவு தூங்கப்போனவர் காலையில் வாய் கோணி எழுந்தால், கணக்கு படுத்த நேரத்திலிருந்து தொடங்கும். பதற்றத்தில் வீட்டார் பெரும்பாலும் குழப்பிச் சொல்வதும் இதைத்தான்.

இவற்றை எழுதச் செயற்கை நரம்பு வலையமைப்பு வேண்டாம். பத்தாம் வகுப்பு மாணவரால் முடியும். ஆனால் அத்தகைய செயலியில் துல்லியம் என்று அறிவிக்க எண் எதுவும் இராது. இன்றைய கண்காட்சி மதிப்பெண் முறையில் அது பரிசு பெறுமா என்பது ஐயமே. நடுவர்கள் விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், யாருடைய வீட்டில் யார் இதைத் திறப்பார், திறந்தபின் எத்தனை நிமிடத்தில் வண்டி கிளம்பும் என்று கேட்கலாம். பத்து வீடுகளில் ஒத்திகை பார்த்து அந்த நிமிடங்களைக் குறித்து வந்த மாணவர், 5,110 வரிசைகளில் 95 விழுக்காடு பெற்றவரைவிட மேலான ஆய்வைச் செய்திருக்கிறார்.

அந்தச் செயலியில் மாணவரால் நிரப்ப முடியாத ஒரு பகுதி மட்டும் எஞ்சும்: இந்த இரவில், இந்த ஊரிலிருந்து எட்டும் தொலைவில், சி.டி. ஸ்கேன் இயங்கும், கரைப்பு மருந்து கையிருப்பில் உள்ள மருத்துவமனை எது என்பது. பக்கத்திலிருக்கும் மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்பப்பட்டு இழக்கும் மணி நேரங்கள் அந்த விவரம் வீட்டாரிடம் இல்லாததால் போகின்றவை. அதை அன்றாடம் புதுப்பித்து, எந்த மாணவரும் தம் செயலியில் இணைத்துக்கொள்ளும் வடிவில் வெளியிட வல்லது மாநிலச் சுகாதாரத் துறை.